ஒயரின் மறுமுனை

எலப்புள்ளி
16-2-1975, ஞாயிறு

அன்பு மாமாவுக்கு,

வள்ளியாத்தாள் எழுதுவது. இங்கே நான், அத்தை, பசு, கன்று நால்வரும் சுகம். மலைப்பனி உங்களை ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இன்லண்ட் லெட்டரில் இடம் பத்தாது என்று அப்துல் ஷுக்கூர் அண்ணன் கடையில் முழுத்தாள் வாங்கி எழுதுகிறேன். அதிலிருந்தே விஷயம் நீளம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏலக்காய் ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டு படிக்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கடைசிக் காய் எடுப்பு முடியப் போகிறது, வண்டன்மேட்டில் நமக்கு வீடு பார்த்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். சிமெண்டுத் தரை, ஓட்டுக்கூரை, ஊற்றிலிருந்து குழாயில் தண்ணீர். மேட்டு உச்சியில் தனி வீடு, கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு கிடையாது, தோட்டக் கூலிக்காரர்கள் இருக்கும் லயத்துச் சத்தம் எட்டாது, டாக்டர் சொன்ன அமைதி வேண்டிய மட்டும் இருக்கிறது, பங்குனி பிறந்ததும் வந்து கூட்டிப் போகிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள். கட்டில்கூட வாங்கிப் போட்டாயிற்று என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். அத்தை என் முகத்தைப் பார்த்து, "ஏனம்மிணி, காத்துக் கருப்பைக் கண்டாப்பல முழிக்கிற" என்று கேட்டார்கள்.

மாமா, உங்களோடு வந்து இருக்க எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்கு நான் வர மாட்டேன். கோபித்துக்கொண்டு கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை தாள்.

தீபாவளிக்கு வந்தபோது என்னை நீங்கள் பார்த்த கோலம் உங்களுக்கு மறந்திருக்காது. சித்திரையில் என் அம்மா வீட்டில் பிறந்து வைகாசியில் அங்கேயே நம் குழந்தை போன பிறகு, என் உடம்பு என் பேச்சைக் கேட்கவே இல்லை. நெஞ்சு படபடவென்று அடிக்கும். கை கால் மரத்துப் போகும். எழுந்து நின்றால் தலை சுற்றும். சோற்றை வாயில் வைத்தால் மணலாக இருக்கும். பாலக்காட்டு டாக்டரிடம் நீங்கள்தான் கூட்டிப் போனீர்கள். அவர் ரத்தம் பார்த்தார், குழல் வைத்துப் பார்த்தார். நோய் ஒன்றும் இல்லை, பூர்ண விஸ்ரமம், முழு ஓய்வு வேண்டும், மனதை அலட்டக்கூடாது என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார். மறுநாள் பஸ் ஏறும்போது நீங்கள் அத்தையிடம், "ஆத்தா, இவளை ஒரு துரும்பைக்கூட எடுக்க உடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

வினை அங்கேதான் பிடித்தது. டாக்டர் மேல் குற்றம் இல்லை, உங்கள் மேலும் இல்லை. நம் வீட்டில் இதுவரை ஒருவரும் ஓய்வு எடுத்ததில்லை. காய்ச்சலில் படுத்தால்கூட அத்தை பூண்டு உரித்துக்கொண்டே படுப்பவர்கள். அதனால் ஓய்வு என்றால் எவ்வளவு என்று எங்களுக்கு அளவு தெரியவில்லை. அத்தை அதை நோன்பு போல நடத்தினார்கள். முருங்கைக்கீரை உருவக்கூட என்னை விடவில்லை. கோலப்பொடி டப்பாவை மேலே எடுத்து வைத்துவிட்டார்கள். ரேடியோவைத் துணி போட்டு மூடினார்கள். பேச்சுக் கொடுத்தால் மண்டை சூடாகிவிடும் என்று அக்கம்பக்கத்துப் பெண்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். தென்னங்கீற்றுத் தட்டி வைத்து மறைத்த உள்ளறையில் நான் மட்டும் கட்டிலில் கிடந்து, ஓட்டில் பல்லி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று கேளுங்கள். கார்த்திகையில் நம் செவலைப் பசு கன்று போட்டது. குட்டி என்றும் பிள்ளை என்றும் எந்தப் பேச்சும் என் காதில் விழக்கூடாது என்று அத்தை மாடு பார்க்கும் பிச்சைமணியிடம் சொல்லி, கன்றைக் கிணற்றடிச் சாளையில் கொண்டு போய்க் கட்டிவிட்டார்கள். பாலுக்கு மட்டும் கூட்டி வருவதும், உடனே திருப்பிக் கொண்டு போவதுமாக இருந்தார்கள். இங்கே பசு விடியவிடியக் கத்தியது. அத்தை என்னிடம் வந்து அதற்கு வயிற்று வலி என்று சொன்னார்கள். எனக்குத் தெரியாதா, அது என்ன வலி என்று? அந்த வாரம்தான் நான் மிகவும் இளைத்துப் போனேன்.

அத்தையைக் குறை சொல்லவில்லை. 'நோய்க்கும் பார், பேய்க்கும் பார்' என்று டானிக் ஒரு பக்கம், மந்திரித்த கயிறு ஒரு பக்கம், வைத்தியரின் லேகியம் ஒரு பக்கம் என்று அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பிரியத்தில்தான் எல்லாம் செய்தார்கள். பிரியத்தில் செய்வதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

மார்கழியில் ஒரு மத்தியானம் கதீஜா வந்தாள். மளிகைக்கடை அப்துல் ஷுக்கூர் அண்ணன் சம்சாரம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு இந்த ஊரில் வாய்த்த ஒரே சிநேகிதி. அவளையும் அத்தை வாசலில் நிறுத்திவிட்டார்கள். "அம்மிணிகூட ஆரும் பேசப்படாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு கண்ணு" என்றது எனக்கு உள்ளே கேட்டது. அவள் அசரவில்லை. "நான் பேச வரலீங்கம்மா. கூடை பின்ன ஒயரு அளக்கோணும், அந்தத் தலைப்பைப் புடிக்க ஊட்ல ஆளில்லீங்க. வள்ளி படுத்தவாக்குலயே புடிச்சுக்கட்டும், அது ஒரு வேலையாங்க" என்று கேட்டாள். அத்தை யோசித்தார்கள். ஒயரைப் பிடித்துக்கொண்டு கிடப்பது வேலை இல்லைதான். உள்ளே விட்டுவிட்டார்கள்.

கோயமுத்தூரிலிருந்து அண்ணன் புதிதாக வரவழைத்திருந்த பிளாஸ்டிக் ஒயர்க் கட்டு அது, மஞ்சள் நிறம். ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு அவள் கூடத்தைத் தாண்டி ஆசாரத்துக் கோடி வரை போய் இழுத்து அளந்து வெட்டினாள். மீண்டும் வந்தாள், மீண்டும் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த முனையிலிருந்து ஒரு சுண்டு சுண்டுவாள், என் விரல் அதிரும். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ நானும் திருப்பிச் சுண்டினேன். அவள் சிரித்துவிட்டாள். எத்தனையோ நாள் கழித்து நானும் சிரித்தேன் மாமா. பயந்துபோய் எட்டிப் பார்த்த அத்தையும் அப்படியே அடுப்படிக்குத் திரும்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் வருவாள். பிடித்த கை சும்மா இருக்குமா? அடி போடுவது, மூலை திருப்புவது, முடிச்சு இறுக்குவது என்று ஒன்றொன்றாகக் கற்றுக்கொண்டேன். புது ஒயர் விறைப்பாக இருக்கும், வெயிலில் சிறிது நேரம் போட்டால்தான் வளைந்து கொடுக்கும். வெயிலில் போட வாசலுக்கு வர வேண்டும். வாசலுக்கு வந்தால் எதிர்வீட்டுக் காளியாத்தாள் பார்ப்பாள். அவள் வாயைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரில் எந்த வீட்டில் எந்தச் சட்டி கரிந்தது என்பது வரை அவளுக்குத் தெரியும். முட்டிவலி என்று நடக்கமாட்டாதவள், இரண்டாம் நாள் முட்டியைப் பிடித்துக்கொண்டே எங்களோடு வந்து உட்கார்ந்தாள். சிவன்கண் முடிச்சு என்று ஒன்று இருக்கிறது, கதீஜா அதைக் கண் மூடிப் போடுவாள். ராவுத்தர் வீட்டுப் பெண்ணுக்குச் சிவன் கண் எப்படிப் பிடிபட்டது என்று காளியாத்தாள் கேலி செய்தாள். கண் யாருடையதாக இருந்தால் என்ன, தேங்காய் போட்டால் கூடை அறுந்து விழாமல் இருக்க வேண்டும் என்று கதீஜா பதில் சொன்னாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள், கதீஜா முடிச்சுப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், நம் குழந்தைக்கு முடி சுருட்டையா கோரையா என்று கேட்டாள். நான் கூடையை மடியில் இறக்கி வைத்தேன். குழந்தை போன நாளிலிருந்து அவளைப் பற்றி என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. எல்லோரும் அவள் பிறக்கவே இல்லை என்பது போல நடந்துகொண்டார்கள், என் மனது நோகக்கூடாது என்று. கோரை முடி, உங்களைப் போல என்று சொன்னேன். நெற்றியில் இறங்கி விழும், தூங்கும்போது மேலுதடு துடிக்கும், வலது காதின் பின்னால் ஒரு மச்சம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டாள். வைக்கும் முன்பே போய்விட்டாள் என்றேன். அதற்கு மேல் முடியவில்லை. வைகாசியிலிருந்து உள்ளே கட்டி வைத்திருந்த அழுகை எல்லாம் அந்தக் கூடையின் மேல் கொட்டிவிட்டது. கதீஜா என்னைத் தேற்றவில்லை, வாயை மூடு என்றும் சொல்லவில்லை. மஞ்சள் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு அவளும் அழுதாள்.

சத்தம் கேட்டு அத்தை மாட்டுச் சாளையிலிருந்து ஓடி வந்தார்கள். கதீஜாவைத் துரத்தப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கையில் சாணியோடு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். "எனக்கும் மொதல்ல ஒண்ணு பொறந்து போச்சு" என்றார்கள். மாமா, இதை உங்களுக்கு எழுதலாமா என்று அவர்களிடம் கேட்டேன், எழுதிக்கோ என்றார்கள். உங்களுக்கு ஒரு அக்கா இருந்தார்கள். பூவாத்தாள் என்று பெயர் வைத்திருந்தார்களாம், தவழும் வயதில் வாந்திபேதியில் போய்விட்டார்களாம். மாமனார் இருந்தவரை அந்தப் பெயரை வீட்டில் யாரும் எடுத்ததில்லை. அத்தையும் எடுக்கவில்லை. எத்தனை வருஷம்! நெஞ்சு எரிகிறது, நெஞ்சு எரிகிறது என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பார்களே, நினைவிருக்கிறதா?

அன்று பொழுதோடு அத்தை தாமாகவே போய்க் கன்றை அவிழ்த்து வந்து பசுவிடம் விட்டார்கள். நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அடித்துப் போட்டது போல் தூங்கினேன். வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பார்கள். காளியாத்தாள் இப்போது அதை மாற்றி, எப்படியோ வாயை விட்டால் சரி, சிரித்தால் என்ன அழுதால் என்ன என்று ஊரெல்லாம் வியாக்கியானம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

இப்போது எங்கள் கூட்டத்துக்கு அத்தைதான் தலைவி. மத்தியானச் சோறு ஆனதும், "ஏனம்மிணி, உன்ற சிநேகிதியை இன்னங் காணோம்" என்று தெருவைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். கிளி போட்ட கூடைதான் பின்னுவேன் என்று ஒரே பிடிவாதம். அந்தக் கிளி பார்ப்பதற்குப் பெருச்சாளி போல இருக்கிறது. நாங்கள் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். நெஞ்செரிச்சல் முழுதாகப் போகவில்லை, ஆனால் அது புளிக்குழம்பின் எரிச்சல், அதற்குச் சீரகம் கேட்கும்.

தையில் டாக்டரிடம் காட்டப் போனபோது எடை பார்த்து மகிழ்ந்துபோனார். ஓய்வு எடுத்ததன் பலன் என்றார். அத்தை என் தொடையைக் கிள்ளியும் எனக்குப் பொய் வரவில்லை. தினமும் நான்கு பெண்கள் கூடி ஒயர்க்கூடை பின்னுகிறோம், சிரிக்கிறோம், சண்டை போடுகிறோம், சில நாள் அழுகிறோம் என்று சொல்லிவிட்டேன். அவர் மருந்துச் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு, "அது மதி", அது போதும் என்று சிரித்துக்கொண்டே டானிக்கை நிறுத்திவிட்டார். நர்சம்மா எங்கள் கையிலிருந்த கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் என்னைக் குணமாக்கியது மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட மாவிளக்குதான் என்று அத்தையும், லேகியம்தான் என்று வைத்தியரும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் சரி என்று தலையாட்டிவிட்டேன். மாவிளக்கும் போட்டாயிற்று.

கூடையில் பின்ன நானாக ஒரு பூவும் கண்டுபிடித்திருக்கிறேன். ஏலச்செடியின் பூ, தூரில் மண்ணோடு ஒட்டிப் பூக்குமே, வெள்ளையில் கத்தரிப்பூக் கோடு ஓடி, அது. அவரைக்கொட்டையும் மொச்சைக்கொட்டையும் முடிச்சுக்கு ஒரு கொட்டையாகத் தரையில் பரப்பி வரிசை பிடித்து, கலைத்து, மறுபடி பிடித்து, பிறகு ஒயரில் ஏற்றினேன். அது சரியாக வந்து உட்கார்ந்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. கதீஜா அதற்கு வள்ளிப்பூ என்று பெயர் வைத்திருக்கிறாள். அந்தக் கூடை உங்களுக்காக.

இனி வீட்டு விஷயம். கல்யாணமான புதிதில் ஆறு மாதம் வண்டன்மேட்டில் உங்களோடு இருந்தேனே, நான் சந்தோஷமாக இருந்ததாகத்தான் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் காலையில் தோட்டத்துக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவீர்கள். மஞ்சு இறங்கினால் முற்றத்துக் கொய்யா மரம்கூடத் தெரியாது. கோழியோடு பேசிக்கொண்டிருந்தேன். சத்தியமாகக் கோழியோடுதான். அந்த அமைதி எனக்கு ஆகாது மாமா. எனக்கு மருந்து அமைதி இல்லை.

உங்களுக்குக் குழம்பு கொடுத்து விடுகிறாள் என்று எழுதுவீர்களே சுருளியம்மாள், ஸ்டோரில் காய் பொறுக்கும் தேனிப் பக்கத்துக்காரி, அவள் வீட்டுக்குப் பக்கத்தில் பாருங்கள். அப்போது அந்த வழியாகப் போகும்போதெல்லாம், "அக்கா, மஞ்சு எறங்கிருச்சு, வெளிய வராதீக" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுப் போவாள். அந்த ஆறு மாதத்தில் உங்களைத் தவிர என்னிடம் பேசிய ஒரே மனுஷி அவள்தான். லயத்துப் பக்கம் நம் போன்ற பண்ணையக்காரர்களுக்குச் சரிப்படாது என்று சொல்வீர்கள். மண் தரையாக இருக்கட்டும், தண்ணீரை நான் சுமந்துகொள்கிறேன். வீட்டைப் பார்க்க வேண்டாம், பக்கத்து வீட்டைப் பாருங்கள். சுருளியம்மாளுக்கு நீலம் பிடிக்குமா, சிவப்பு பிடிக்குமா என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். இரண்டு கட்டு ஒயரோடு வருகிறேன். மழைக்காலத்தில் இரண்டு மாதம் இங்கே வந்து இருந்துவிட்டுப் போவேன், அதற்கும் இப்போதே சம்மதம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கதீஜா உங்களோடு பேசமாட்டாளாம்.

கடிதத்தின் ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி ஒன்று எழுதியிருந்தீர்கள். சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை, மலைத் தண்ணீர் சேரவில்லை போலிருக்கிறது என்று. அதை அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை. நீங்கள் மலை ஏறி எத்தனை வருஷமாயிற்று மாமா? இத்தனை நாள் சேர்ந்த தண்ணீர் இந்த வருஷம்தானா சேராமல் போனது? என் நோயை நான் அறிவேன். அது உங்கள் கையெழுத்தில் இருந்தால் எனக்குத் தெரியாதா? அங்கே உங்களிடம் யாராவது நம் குழந்தையைப் பற்றிக் கேட்கிறார்களா?

ஆண்பிள்ளைகள் கூடை பின்ன மாட்டீர்கள். தெரியும். அதனால் ஒன்று கேட்கிறேன். கொழிஞ்சாம்பாறையில் என் அம்மா வீட்டுக்கு அவளை முதலில் பார்க்க வந்தீர்களே, அன்று நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, தூளிப் பக்கம் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பெயர் வைக்கும் அன்று தெரிந்துகொள்ளலாம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

உங்கள் கூடையில் எல்லாம் முடிந்துவிட்டது, கைப்பிடி மட்டும்தான் பாக்கி. கைப்பிடி முறுக்க, மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். கதீஜா பிடிக்கிறேன் என்றாள், நான் கொடுக்கவில்லை. பங்குனியில் வந்து நீங்கள் பிடியுங்கள். பிடித்துக்கொண்டே அந்தப் பெயரைச் சொல்லுங்கள். நான் அழுவேன், பயந்துவிடாதீர்கள். உங்களுக்கு வந்தால் நீங்களும் அழுங்கள். அத்தையை அந்த நேரம் மாட்டுச் சாளைக்கு அனுப்பிவிடுகிறேன்.

அதுவரைக்கும் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் வேளைக்குச் சாப்பிடுங்கள். காதுக்குத் துணி கட்டாமல் பனியில் நடக்க வேண்டாம். அம்மன் உங்களை நல்லபடியாக என்னிடம் கொண்டு வந்து சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் வள்ளி